மருமகளின் மௌனம்

"ஏன்டா, சனிக்கிழமையிலேர்ந்து அவ உன்கிட்ட வாயே திறக்கல. ஒரு சாரி சொன்னா கொறஞ்சா போயிடுவே?" மகனைப் பிடித்து உலுக்கினாள் அம்மா.

"என் வேலையைத்தானேம்மா செஞ்சேன்? அதுக்கு எதுக்கு சாரி?"

மருமகள் காதில் விழாதவள் போல ஷூ லேஸை இறுக்கிக்கொண்டு கிளம்பினாள். பெண்கள் கூடைப்பந்தில் முதலிடத்தில் இருக்கும் கல்லூரி அணிக்கு அவள்தான் கோச். சனிக்கிழமை நடந்த லீக் ஆட்டத்தில் பரம எதிரியான பக்கத்துக் கல்லூரியிடம் ஒரே புள்ளியில் தோற்றிருந்தார்கள். இன்றைய அரையிறுதியிலும் சறுக்கினால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

சறுக்கவில்லை. விசில் ஊதியதிலிருந்தே அவளுடைய பெண்கள் புயலாகப் பாய்ந்தார்கள். முப்பது புள்ளி வித்தியாசத்தில் வெற்றி! கோச்சைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு மைதானத்தைச் சுற்றி வந்தார்கள்.

மாலையில் வீட்டுக்குள் நுழைந்தவள், மாமியாரின் கைகளைப் பிடித்துத் தட்டாமாலை சுற்றினாள். பிறகு கணவன் பக்கம் திரும்பினாள்.

"ஃபைனல்ல மறுபடியும் நாமதான் மோதப் போறோம்! உங்க காலேஜ் பொண்ணுங்ககிட்டச் சொல்லி வைங்க, கோச் சார். சனிக்கிழமை கதை இனிமே நடக்காது!"

மகனின் முகம் போன போக்கைப் பார்த்து அம்மாவுக்குச் சிரிப்பு அள்ளிக்கொண்டு போயிற்று.

"அப்போ, அடுத்து வாயே திறக்காம இருக்கப்போறது நீதான்டா!"