ஒரு பிள்ளை கூடுதல்

அவள் மறுபடியும் எண்ணினாள்.

பதினேழு.

பசி பொறுக்காதென்று பிள்ளைகளுக்கு முதலில் இலை போட்டிருந்தார்கள். அவர்கள் கூட்டத்துப் பிள்ளைகள் மொத்தமே பதினாறு.

கடைசி இலையில் மஞ்சள் கவுன் போட்ட ஒரு பெண் குழந்தை. நான்கு வயது இருக்கும். எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை. காலில் வெள்ளிக் கொலுசு. கேசரியை விரலால் வழித்துத் தின்றுகொண்டிருந்தது.

ஊர்க்காரப் பிள்ளை.



மேம்பாலத்துக்குக் கீழே இந்தத் திடலில் மூன்று நாளாகக் கூடாரம் போட்டிருக்கிறார்கள். இன்று மகள் ஷாலினிக்குக் கல்யாணம். காலையிலிருந்து சாலையோரம் நின்று ஊர் வேடிக்கை பார்க்கிறது. நரிக்குறவர் கல்யாணத்தில் ரத்தம் குடிப்பார்களாம் என்று ஒருவன் சொல்ல, நாலைந்து பேர் சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும் என்று இருந்துவிட்டாள்.

குழந்தையின் முன்னால் குந்தினாள்.

"உங்கம்மா எங்க பாப்பா?"

"பஸ்ஸுல."

சொல்லிவிட்டுக் கழுத்தைத் தொட்டுக் காட்டியது. சிவப்பும் பச்சையுமாக ஒரு பாசிமணி மாலை. யாரோ ஆசையாகப் போட்டுவிட்டிருக்கிறார்கள். அவள் பதறிப்போய்க் கழற்றினாள்.

குழந்தை வீறிட்டது.

சாலையோரத்துத் தலைகள் திரும்பின.

மாலையைத் திரும்பப் போட்டாள். அழுகை நின்றது.

மேளத்தை இறக்கி வைத்துவிட்டுக் கொழுந்தன் வந்தான். அவன் பெயர் அரக்கோணம். அந்த ஊர் ரயிலடியில் பிறந்ததால் அந்தப் பெயர். போன வருஷம் ஒரு திருவிழாவில், கூட்டத்தில் விழுந்த பிள்ளையைத் தூக்கிவிட்டான். பிள்ளை பிடிக்கிறவன் என்று அடித்தார்கள். அன்றிலிருந்து இடது காது கேட்பதில்லை.

குழந்தையைப் பார்த்ததும் இரண்டடி பின்வாங்கினான்.

"ரோட்டுல விட்டுடு அண்ணி. தானா போயிடும்."

ரோட்டில் மணல் லாரிகள் போய்க்கொண்டிருந்தன.

"போலீசுக்குச் சொல்லிடலாமே," என்றான் மாப்பிள்ளை. பத்தாவது வரை படித்தவன்.

போலீஸ் முதலில் யார் பெயரை எழுதும் என்பது எல்லாருக்கும் தெரியும்.

அவள் எழுந்தாள்.

"தனியா யாரும் கூட்டிட்டுப் போக வேணாம். எல்லாரும் போவோம். மேளத்தோட."

"கல்யாணம்?"

"வந்து தாலி கட்டிக்கலாம்."

சாமிக்கு வெட்டிய ஆட்டைத் துண்டு போட்டுக்கொண்டிருந்த புருஷன் என்னவென்று கேட்டுக்கொண்டே ஓடிவந்தான். முழங்கை வரை ரத்தம். அவள் குடத்துத் தண்ணீரை அப்படியே அவன் கையில் கவிழ்த்தாள்.

"தேய். நகத்துல இருக்கு பாரு, தேய்."

சட்டையையும் மாற்றவைத்தாள்.

ஷாலினி குழந்தையை இடுப்பில் வைக்கக் குனிந்தாள்.

"தூக்காதடி! புள்ள தானா நடக்கணும். அது நடக்கிறத எல்லாரும் பாக்கணும்."

முன்னால் மஞ்சள் கவுன். அதன் விரலைப் பிடித்துக்கொண்டு பட்டுப்புடவையில் ஷாலினி. பக்கத்தில் மாப்பிள்ளை. பின்னால் நாற்பது பேர். அரக்கோணம் அடித்த மேளத்தில் தாளம் தப்பிக்கொண்டே இருந்தது.

பஸ் ஸ்டாண்டு கூப்பிடு தூரம்தான். நடக்க நடக்கத் தீரவில்லை.

டீக்கடைகளில் பேச்சு நின்றது. ஒவ்வொன்றாகச் செல்போன்கள் உயர்ந்தன.

"யார் புள்ளடா அது?"

ஒருவன் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டான்.

"பலி குடுக்கத்தான்..."

மீதியை மேளம் அமுக்கிவிட்டது. அவள் சிரித்த முகமாக நடந்தாள். சிரிப்பை நிறுத்தினால் பயம் தெரிந்துவிடும்.

கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு ஒருத்தி ஓடிவந்தாள். குழந்தையை வாரி எடுத்தாள்.

மேளம் நின்றது.

காது, கழுத்து, கை, கால் என்று தடவிப் பார்த்தாள். கம்மல் இருந்தது. கொலுசு இருந்தது.

யாரும் அசையவில்லை.

"அம்மா, கேசரி சாப்ட்டேன்," என்றது குழந்தை.

தாய் நிமிர்ந்து ஷாலினியைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் குழந்தையின் அப்பா வந்து தோளைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான். கூட்டம் அவர்களுக்கு வழிவிட்டு, மறுபடி மூடிக்கொண்டது. ஹெல்மெட்காரன் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு வண்டியை உதைத்தான்.

அடி விழவில்லை.

எல்லாரும் திரும்பினார்கள். திடலுக்குள் கால் வைத்ததும் அரக்கோணம் தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதான். பிறகு அவனே எழுந்து மேளத்தை எடுத்தான். மாப்பிள்ளை தாலியாகக் கருகமணி கட்டினான். கறிச்சோறு பரிமாறினார்கள். அவளும் நாலு வாய் தின்றாள்.

நாலு மணி இருக்கும். மாப்பிள்ளை செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் பின்னால் போய் எட்டிப் பார்த்தாள்.

திரையில் ஷாலினி. பட்டுப்புடவை. அவள் கைப்பிடியில் அந்தக் குழந்தை. மேளச் சத்தத்தை எடுத்துவிட்டு, பேய்ப் படத்தில் வருகிற மாதிரி ஏதோ ஓர் இசையைச் சேர்த்திருந்தார்கள். தாய் ஓடிவருவதற்கு முன்பே படம் முடிந்துவிட்டது. கீழே சிவப்பு எழுத்தில் மூன்று வரி.

அவளுக்குப் படிக்கத் தெரியாது.

"என்ன எழுதியிருக்கு?"

அவன் திரும்பவில்லை. மூன்று வரியையும் இரண்டு முறை படித்தான். செல்போனை அணைத்துச் சட்டைப்பைக்குள் போட்டான்.

"பொண்ணு லட்சணமா இருக்குன்னு போட்டிருக்காங்க அத்தே."

முதல் தடவையாக அப்படிக் கூப்பிட்டான்.

பிறகு எழுந்து போய், கூடாரத்தின் கயிறுகளை ஒவ்வொன்றாக அவிழ்க்க ஆரம்பித்தான்.

விருந்து இன்னும் இரண்டு நாள் பாக்கி இருந்தது.