மக்கு சங்கத் தலைவி

"இன்னிக்கோட இந்தப் படிப்புக்கு முழுக்குப் போடுறேம்மா. ஒருத்தர் மூஞ்சியும் தெரியலை. எதையாச்சும் கேட்டாச் சிரிச்சிருவாகளோன்னு பயமா இருக்கு!"

செல்போனைக் கவிழ்த்து வைத்தாள் சத்தியப்பிரியா. ஆன்லைனில் எம்.காம். சேர்ந்து மூன்றே வாரம். பள்ளத்தூர் வீட்டு அடுப்படிக்குப் பக்கத்தில்தான் அவளுக்கு வகுப்பு.

"இந்த வகுப்பு முடியட்டும்டி, அப்புறம் முழுகு" என்றாள் அம்மா, வெங்காயம் உரித்தபடி.

வேண்டாவெறுப்பாகப் போனை நிமிர்த்தினாள். திரையில் ரேணுகா மேடம் தலையைக் குனிந்து புத்தகம் புரட்டிக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து ஜெரினா என்ற பெயரில் ஒரு வரி வந்து விழுந்தது.

'மேடம், திட்ட விலக்கம்னா என்னன்னே புரியலை. முதல்லேருந்து சொல்லுங்களேன்.'

சத்தியப்பிரியா கேட்க நினைத்து விழுங்கிய அதே கேள்வி!

மேடம் நிமிர்ந்து சிரித்தார். "நல்லவேளை கேட்டேம்மா. ஒரு பஸ் ஒருநாள் அஞ்சு நிமிஷம் லேட்டு, மறுநாள் அம்பது நிமிஷம் லேட்டு. சராசரியை மட்டும் நம்பி நிக்க முடியுமா? அந்த ஏத்த இறக்கத்தை அளக்குறதுதான் திட்ட விலக்கம்."

பளிச்சென்று புரிந்தது. வகுப்பு முடியும் முன் ஜெரினாவுக்குத் தனியாக எழுதினாள். 'ரொம்ப நன்றி. எனக்கும் புரியலை.'

'அப்ப நம்ம மக்கு சங்கத்துல ரெண்டு பேராச்சு! நாளைக்கு நீ கேளு.'

மறுநாள் அவளே ஒரு கேள்வியைத் தட்டிவிட்டாள். யாரும் சிரிக்கவில்லை. அதற்கடுத்த நாள் ஆன்றோ கேட்டான், பிறகு ஹரீஷ். ஒரே மாதத்தில் வகுப்பு சந்தைக்கடை ஆனது. ஜெரினாதான் கேள்வியைக் குறைத்துக்கொண்டாள்.

பருவத்தின் முடிவில் காரைக்குடியில் நேரடி வகுப்பு. சங்கத் தலைவி ஜெரினாவுக்காகவே ஒரு டப்பா மனகோலப் பலகாரத்தோடு முதல் பஸ் பிடித்தாள் சத்தியப்பிரியா.

"நீதானா சத்தியப்பிரியா? உன்னைக் கறுப்புக் கட்டமாவே பார்த்துப் பழகிருச்சு!" என்றான் ஆன்றோ.

"உன் மூஞ்சிக்குக் கட்டமே தேவலை" என்றாள். வகுப்பே சிரித்தது. ஆனால் ஜெரினாவை மட்டும் காணோம்.

மேடம் வருகைப் பதிவை வாசித்து மூடினார்.

சத்தியப்பிரியா பதறி எழுந்தாள். "மேடம், ஜெரினா பேரை விட்டுட்டீகளே!"

"நாப்பது பேர்தானேம்மா? எல்லாரும் வந்தாச்சே" என்ற மேடம், தலையைக் குனிந்து மேசை இழுப்பறையில் எதையோ தேடினார்.

சத்தியப்பிரியாவின் போன் சிணுங்கியது.

'சங்கத்தைக் கலைச்சாச்சு, இனி யாரும் மக்கு இல்லை. மனகோலம் வாசனை இங்க வரைக்கும் வருது, தலைவிக்கு ஒரு கைப்பிடி எடுத்து வை. — ஜெரினா.'

விருட்டென்று நிமிர்ந்து சுற்றுமுற்றும் பார்த்தாள். வகுப்பில் வேறு ஒருவர் கையிலும் போன் இல்லை, இழுப்பறையைச் சாத்திவிட்டு அவளைப் பார்த்துக் கண்சிமிட்டிய ரேணுகா மேடத்தைத் தவிர.