பதினேழாவது குழி

"கொடியப் பாக்காதீங்க சார்! பந்து கடலுக்குப் போயிடும். அதோ, அந்த சர்ச் கோபுரத்தப் பாத்து அடிங்க!"

டூகல் சொன்னபடியே கோல்ஃப் பந்தை அடித்தார் வேட். கடற்காற்று அதைப் பிடித்து இழுத்து, குழியில் நட்டிருந்த கொடிக்குப் பக்கத்தில் கொண்டுவந்து போட்டது.

"அடேயப்பா, என்னய்யா காத்து இது! எங்க அரிசோனாவுல அடிச்ச பக்கம் பந்து போகும். உங்க ஸ்காட்லாந்துல கோணலா அடிச்சாத்தான் நேரா போகுது!"

"காத்தா? எங்க ஊர்ல இதுக்குப் பேரு மூச்சு விடறது சார்," என்றார் டூகல், சிரிக்காமலே.

வேட்டுக்கு நாற்பது தாண்டிவிட்டது. இன்று ஜெயித்தால்தான் பெரிய போட்டியில் இடம். இதை விட்டால் வேறு வாய்ப்பில்லை. பழக்கமில்லாத மைதானத்தில் வெளியூர்க்காரர்கள் எல்லாரும் திணற, அவர் மட்டும் முன்னால் நின்றார். எல்லாம் மட்டைப் பையைச் சுமந்தபடி கூடவே வந்த டூகலின் புண்ணியம். கோபுரம், புகைக்கூண்டு, உடைந்த படகு என்று குழிக்குக் குழி ஓர் அடையாளம் சொல்லிக்கொண்டே வந்தார்.

பதினேழாவது குழி வந்தது.

"இப்ப எதப் பாத்து?"

டூகல் இடதுபுற மதில்சுவரைப் பார்த்தார். உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டார். "கொடியப் பாத்தே அடிங்க."

"காத்து அடிக்குதேய்யா?"

"அடிங்க சார்."

நம்பி அடித்தார். பந்து வளைந்து போய்க் கடலில் விழுந்தது. பதற்றத்தில் அடுத்ததும் கடலுக்கே போயிற்று. அத்தோடு எல்லாம் முடிந்தது.

மைதான அலுவலகத்தில் வேட் கத்தித் தீர்த்தார்.

"வேணும்னே என்னக் கவுத்துட்டாரும்மா அந்த ஆளு! பின்னால ஆட வந்தவனுக்கு அவனோட பை தூக்குற ஆளு, 'மதில் மூலையப் பாத்து அடி'ன்னு சரியாச் சொல்றான். இவருக்கு மட்டும் அது தெரியாதா?"

மேலாளர் ஐல்சாவின் முகம் வாடிப்போயிற்று.

"தெரியும் சார். எப்பவும் அந்தக் கல்லறைத் தோட்டத்து மூலைதான் அடையாளம். காத்து கொஞ்சம் ஓஞ்சாலும் பந்து நேரா அதுக்குள்ளதான் விழும். இந்த வாரம் வேலைக்கு வராதீங்கன்னு அவர்கிட்ட தலைதலையா அடிச்சுக்கிட்டேன், கேக்கல."

"ஏன், என்னாச்சு?"

"மூலையில புதுசா ஒரு வெள்ளைச் சிலுவை பாத்தீங்களா? போன திங்கக்கிழமைதான் அதுக்குக் கீழ அவரு பொண்ணப் பொதச்சோம்."