தெற்குப் பக்கம் கடிகாரம் இல்லை

என் மாமா ஒரு நாளைக்கு மூன்று வேளை பொய் சொல்வார். அதுவும் மைக் பிடித்து.

ஊர் சுற்றிக் காட்டும் பஸ்ஸில் அவர்தான் வழிகாட்டி. எங்கள் நகரம் தானாக முளைத்தது இல்லை. நகரத் தந்தை ஒருவர் வெறும் பொட்டலில் கோடு போட்டுக் கட்டியது. அவர் சிலை, அவர் வெட்டிய ஏரி, அவர் வளைத்துக் கட்டிய வட்டச் சந்தை எல்லாம் பார்த்துவிட்டு, கடைசியாக பஸ் கடிகாரக் கோபுரத்தில் நிற்கும்.

கோபுரத்தில் மூன்று பக்கம் கடிகாரம். தெற்கே மட்டும் மொட்டைச் சுவர்.

அங்கே வந்ததும் மாமா குரலை இறக்கிக்கொள்வார்.

"அன்பர்களே, தெற்கே என்ன இருக்கு? ஆஸ்பத்திரி. உள்ளே படுத்திருக்கறவங்க மணியைப் பார்த்துப் பார்த்து நொந்துபோகக் கூடாது, அந்தப் பக்கம் கடிகாரமே வேண்டாம்னுட்டார் நம்ம நகரத் தந்தை. அவர் மனசைப் புரிஞ்சுக்கிட்டு அப்படியே வரைஞ்சு கொடுத்தார் வரைபடக்காரர்."

யாராவது ஒரு அம்மா கண்ணைத் துடைத்துக்கொள்வார்.

டிரைவர் பெரியப்பா (உறவில்லை, கூப்பிட்டுப் பழகிவிட்டது) மற்ற இடத்தில் எல்லாம் இன்ஜினை ஓடவிட்டுப் பல் குத்திக்கொண்டிருப்பார். இங்கே மட்டும் அணைத்துவிடுவார். வருஷக்கணக்காகக் கேட்ட கதைதான். ஆனாலும் ஸ்டியரிங் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு புதிதாகக் கேட்கிற மாதிரி கேட்பார். எனக்குக் 'கிளி' என்று பேர் வைத்தவர் அவர்தான். ஊரில் அத்தனை பேர் குரலையும் நான் பண்ணுவேன். அவர் குரல் மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. வாயைத் திறந்தால்தானே.

போன மாதம் பள்ளிக் கண்காட்சிக்காக அருங்காட்சியகத்தில் பழைய காகிதங்களைப் புரட்டியபோது ஒரு கடிதம் கிடைத்தது. நகரத் தந்தையின் சொந்தக் கையெழுத்து. "தெற்குச் சுவருக்குக் கடிகார வட்டம் போட மறந்த வரைபடக்காரனை இன்றே வேலையை விட்டு நீக்கவும்." வரைபடக்காரர் பேர்கூடப் போடவில்லை.

ஆக, கருணையும் இல்லை, கத்திரிக்காயும் இல்லை. மறதி.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் போய் உட்கார்ந்துகொண்டேன். கோபுரம் வந்தது. இன்ஜின் அணைந்தது. மாமாவுக்கு இருமல் வந்து, தண்ணீர் பாட்டிலை எடுக்கக் குனிந்தார். மைக் என் கைக்கு வந்துவிட்டது.

முதலில் மாமா குரல். "அன்பர்களே, இதுவரைக்கும் நான் விட்டதெல்லாம் ரீல். இப்போ உண்மையைச் சொல்றேன்."

பிறகு நகரத் தந்தை. அடிவயிற்றிலிருந்து எடுத்தேன். "யாரடா அங்கே? தெற்குச் சுவரில் கடிகாரம் எங்கே?"

வரைபடக்காரர் குரலை யார் கேட்டிருக்கிறார்கள்? அதை நானே செய்தேன். மூக்கடைத்த, இழுத்து இழுத்து அழுகிற குரல்.

"ஐயாஆ... மூணு பக்கம் போட்டேன்யா... நாலாவது போடறதுக்குள்ள கண் அசந்துட்டேன்யாஆ..."

"அப்படியா? வீட்டுக்குப் போய் நல்லாத் தூங்கு. நாளைலேர்ந்து இந்தப் பக்கம் வராதே."

பஸ்ஸே குலுங்கியது. பின்சீட்டில் ஒருவர், "பாப்பா, இன்னொரு தடவை" என்றார்.

அதோடு விட்டிருக்கலாம். இன்னொரு தடவை பண்ணினேன். அழுகையைக் கொஞ்சம் கூடவே நீட்டினேன்.

பாதியில் இன்ஜின் உறுமியது. ஒரு நிமிஷம் ஓடி, மறுபடி அணைந்தது.

எல்லோரும் சிரித்துக்கொண்டே மொட்டைச் சுவரைப் படம் எடுக்க இறங்கினார்கள். மாமா மைக்கை வாங்கி அதன் கொக்கியில் மாட்டினார். காதைத் திருகுவார் என்று பார்த்தேன். திருகவில்லை.

"எங்கே படிச்சே?"

"அருங்காட்சியகத்துல. கடிதமே இருக்கு மாமா. நீங்க பார்த்ததில்லையா?"

"பதினோரு வருஷம் முன்னாடியே பார்த்தேன்."

"தெரிஞ்சுக்கிட்டேவா புளுகினீங்க? செத்துப்போன மனுஷனுக்கு இவ்வளவு ஜால்ராவா?"

"அவருக்கு எதுக்கு என் ஜால்ரா? அவருக்குத்தான் சிலை இருக்கே."

மாமா ஜன்னல் வழியே கோபுரத்தைப் பார்த்தார். நானும் பார்த்தேன். கூட்டத்தை விட்டுத் தள்ளி, டிரைவர் பெரியப்பா அண்ணாந்து அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். எங்கேயும் இறங்காத மனுஷன்.

திரும்பி வந்து சீட்டில் உட்கார்ந்தார். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நான் எது பண்ணினாலும் முதலில் சிரிக்கிறவர் அவர்.

"பெரியப்பா, மாமா குரல் எப்படி?"

"அச்சு அசல்."

"நகரத் தந்தை?"

"அவர் பேசி நான் கேட்டதில்ல."

"சரி, வரைபடக்காரர்?"

கண்ணாடியில் என்னைப் பார்த்தார். சாவியைத் திருகப் போன கை அப்படியே நின்றது.

"அதுதான் சரியில்ல, கிளி. எங்கப்பாவுக்குக் கணீர்னு குரல்."