முனகும் மோட்டர்

மோட்டர் முனகியது. ஆனால் சுற்றவில்லை. ஸுல்பிகா சுவிட்சை நிறுத்திவிட்டு மறுபடி போட்டாள். அதே முனகல்தான். கோழிக்கூட்டுக்கு மேலிருந்த தண்ணீர்த் தாங்கியில் ஒரு சொட்டும் விழவில்லை.

பத்து மணிக்குக் கல்முனையிலிருந்து கண்டி பஸ். நாளைக் காலை பேராதனைக் கெம்பஸில் பதியாவிட்டால் அவளுடைய இடம் வேறொருவருக்குப் போய்விடும். அவள் சுவிட்சை நிறுத்திவிட்டுக் கிணற்றடிக்கு வந்தாள்.

“டெஸ்டர் எங்க உம்மா?”

கழற்றும் ஆணிகளை வாங்கிக்கொள்ள வழக்கம்போல் பக்கத்தில் நின்ற உம்மா ஸுஹைறா முற்றத்தைப் பார்த்தாள். அங்கே வாப்பா காலிதீன் கோழித்தீன் அள்ளிக்கொண்டிருந்தார். அவருடைய சேட்டுப் பையில் ஆணி முறுக்கும் டெஸ்டரின் சிவப்புப் பிடி துருத்திக்கொண்டு நின்றது.

ஸுல்பிகாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“டெஸ்டர் என்னத்துக்கு ஒங்கட பொக்கட்டுல, வாப்பா?”

“கிணத்தடியில கிடந்திச்சி. கோழி கொத்தும் எண்டு எடுத்து வெச்ச.”

“ஒங்கட கோழி இரும்பும் தின்னுமா?”

அவள் டெஸ்டரைப் பறித்துக்கொண்டு போய் மோட்டரின் பக்கவாட்டுப் பெட்டியைத் திறந்தாள். உள்ளே மூன்று வயர்கள். இரண்டு, மோட்டரை ஓட வைப்பவை. மூன்றாவது கெப்பாசிட்டருக்குப் போவது. நின்ற மோட்டருக்கு முதல் தள்ளுக் கொடுப்பது அதுதான். அந்தத் தள்ளு இல்லாவிட்டால், பற்றரி இறங்கிய வான் வண்டியைப் போல மோட்டர் முக்கி முனகுமே தவிர அசையாது.

இன்று அந்த மூன்றாவது வயர், பக்கத்திலிருந்த வெறும் ஆணியில் பூட்டிக் கிடந்தது.

முந்தாநாள் காலையில் மூன்று வயரும் இடம் மாறிக் கிடந்தன. சுவிட்சைப் போட்டதும் ட்ரிப் விழுந்து வீட்டுக் கரண்டே நின்றது. நேற்று இரண்டு. இன்று ஒன்றே ஒன்று, அதுவும் ஆணியை நன்றாக முறுக்கி. கள்ளனுக்குக் கை தேறிக்கொண்டு வருகிறது என்று ஸுல்பிகா பல்லைக் கடித்தாள்.

கள்ளன் யாரென்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. போன வருடம் இந்த மோட்டரில் கரண்ட் அடித்ததிலிருந்து வாப்பா இதைத் தொடுவதில்லை. உம்மாவையும் தொட விடுவதில்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்தவர், “நீ போனா மோட்டரை ஆரு பாக்கிற? ஒரு வருஷம் கழிச்சிப் போ” என்றார். மறுநாள் விடியலிலிருந்து மோட்டர் பழுது.

“பயந்த ஆளுக்கு டெஸ்டர் எதுக்கு?” அவள் எழுந்து நின்று கத்தினாள். “போகாத எண்டு நேரா சொல்லுங்க வாப்பா! இந்தக் கள்ள வேல வேணாம்!”

“நான் தொட்டேனா? ஒருக்கா அடி வாங்கினது காணாதா எனக்கு?”

“அப்ப ஆரு கழட்டின? ஒங்கட சேவலா?”

“வாயைப் பாரு! முந்நூறு கோழி புள்ள. இந்த வெயிலுக்கு ஒரு நேரம் தண்ணி இல்லாட்டிச் சுருண்டு விழுந்திரும். அதுகள் சாகட்டுமா?”

“சாகட்டும்! ரெண்டு வருஷமா விடிய விடியப் படிச்சது ஒங்கட கோழிக்குத் தண்ணி காட்டவா?”

“ரெண்டு பேரும் கொஞ்சம் நான் சொல்றதைக்…” என்று உம்மா தொடங்கினாள்.

“நீங்க சும்மா இரிங்க உம்மா!”

“நீ சும்மா இரி!”

வாப்பாவும் மகளும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். மூன்று நாளில் அவர்கள் ஒத்துப்போனது அந்த ஓர் இடத்தில்தான்.

ஸுல்பிகா டெஸ்டரை மண்ணில் வீசியெறிந்தாள். வாசலில் நின்ற பயணப் பெட்டியைப் பிடித்துக் கேற்றுக்கு இழுத்தாள். காலிதீன் பாய்ந்து போய்க் கேற்றை மறித்து நின்றார்.

“உடுங்க வாப்பா.”

“மோட்டரைப் பூட்டிட்டுப் போ.”

“கழட்டின ஆளே பூட்டட்டும். நான் தொட மாட்டன்.”

“அப்ப பஸ்ஸும் இல்ல, கெம்பஸும் இல்ல!”

“நீங்க உடாட்டி நான் மதில் பாஞ்சி போவன்!”

“பாய்வாய், பாய்வாய்! காலை முறிச்சிருவன்!”

பெட்டியை ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்தார்கள். பெட்டியின் ஒரு சில்லு கழன்று உருண்டது. பக்கத்து வீட்டு மதிலுக்கு மேலே இரண்டு தலைகள் எழும்பின.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. முனகல் இல்லை, மோட்டர் முழு வேகத்தில் சுற்றும் சத்தம். தாங்கியில் தண்ணீர் சோவென்று கொட்டியது. கூட்டுக்குள் கோழிகள் முண்டியடித்தன.

இருவரும் பெட்டியை விட்டுவிட்டுத் திரும்பினார்கள். கிணற்றடியில் உம்மா மோட்டர்ப் பெட்டி மூடியின் கடைசி ஆணியை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

“ஆரு… ஆரு பூட்டின?” வாப்பா கேற்றை விட்டுக் கிணற்றடிக்கு வந்தார்.

உம்மா எழுந்து முந்தானையில் கையைத் துடைத்தாள்.

“மூணாவது வயரைக் கெப்பாசிட்டர் ஆணியில பூட்டினா ஓடுது மகள், மூணு நாளா நான்தான் கழட்டிக் கழட்டிப் பழகின, இனி நான் பாப்பன், நீ பஸ்ஸுக்குப் போ.”