திண்டுக்கல் சாப்பாடு

"திண்டுக்கல்ல எறங்கிட்டேன் தங்கப்பொண்ணு. வேல முடிஞ்சு வர நாளைக்கு ஆயிரும்" என்று மனைவியிடம் போனில் சொல்லிவிட்டு, கருத்தக்கண்ணன் ஓட்டல் அறையின் திரைச்சீலையை இழுத்து மூடினார். திரைக்கு அந்தப் பக்கம் மதுரை மாட்டுத்தாவணி பஸ் நிலையம் இரைந்துகொண்டிருந்தது.

காளவாசலில் வீட்டையும் மோட்டார் கடையையும் வைத்துக்கொண்டு, அதே ஊரில் ரூம் போடுவது லேசான காரியமா? "உள்ளூர்க்காரவுகன்னா இன்னொரு நம்பரும் வேணும்ணே" என்று ரிசப்ஷனில் இருந்தவர் ஒற்றைக்காலில் நின்றார். பதற்றத்தில், மனப்பாடமாகத் தெரிந்த ஒரே நம்பரை உளறிவிட்டு மேலே ஓடி வந்திருந்தார்.

கதவு தட்டும் சத்தம் கேட்டது. மாத்திரை டப்பாவை அவசரமாகத் தலையணைக்கு அடியில் தள்ளிவிட்டுப் போய்த் திறந்தார். ரூம் சர்வீஸ் பார்க்கும் காளை, மூடி போட்ட தட்டோடு நின்றிருந்தார்.

இதற்காகத்தான் இத்தனை தகிடுதத்தமும். வீட்டுப் பத்தியச் சாப்பாட்டைத் தின்று தின்று கருத்தக்கண்ணனுக்கு நாக்கு செத்துப் போயிருந்தது. ஒரே ஒரு நாள், மட்டன் சுக்காவும் பரோட்டாவுமாக ஒரு பிடி பிடித்துவிட்டுத்தான் மறுவேலை என்று கிளம்பி வந்திருந்தார். கடையில் போய் உட்கார்ந்தால் தெரிந்த முகம் ஏதாவது எதிரே வந்து நிற்கும். செல்லில் ஆர்டர் போட்டால் மகளுக்கு மெசேஜ் போய்விடும். அதனால்தான் ரூம்.

ஐம்பது ரூபாயைக் காளையின் சட்டைப்பையில் திணித்துவிட்டு, நாக்கில் எச்சில் ஊற மூடியைத் திறந்தார். காய்ந்த சப்பாத்தி இரண்டு. பக்கத்தில் வெளிறிப்போன சுரைக்காய்க் கூட்டு.

"என்னய்யா இது?"

"மட்டன் தீந்துபோச்சுண்ணே" என்றார் காளை, தரையைப் பார்த்துக்கொண்டு.

பசி வேறு. ஒரு வாய் வைத்துப் பார்த்தார். உப்பில்லை, உறைப்பில்லை, எண்ணெய் வாடைகூட இல்லை. த்தூ! இதையும் ஒருத்தன் மெனக்கெட்டு அடுப்பில் வைத்து இறக்கியிருக்கிறானே என்று குமட்டிக்கொண்டு வந்தது.

சாயங்காலம் கறிதோசை சொன்னார். இந்தத் தடவை முழுசாக நூறு ரூபாய். "மாப்ள, மாஸ்டர்ட்டச் சொல்லி கறிய நல்லா அள்ளிப் போட்டுக் கொண்டாய்யா."

காளை நோட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார். கொண்டுவந்ததோ கேழ்வரகு தோசை. கறியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. பிய்த்தால் ரப்பர் செருப்பு மாதிரி இழுத்தது. சட்னியைத் தொட்டு நக்கினார், பச்சைத் தழையை மென்ற மாதிரி இருந்தது.

"கறி?"

"மாஸ்டரு இதத்தாண்ணே குடுத்துவிட்டாக."

காசை வாங்கி முடிந்துகொண்டு எப்படி வாய் கூசாமல் பேசுகிறான் பார் என்று கருத்தக்கண்ணனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த நேரம் பார்த்துத் தங்கப்பொண்ணு கூப்பிட்டாள்.

"சாப்டீகளா? திண்டுக்கல்ல சாப்பாடெல்லாம் எப்படி இருக்கு?"

"அதுக்கென்ன, அருமையா இருக்கு" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

"அப்படியா! சந்தோசம்" என்று அவள் வைத்துவிட்டாள்.

ராத்திரி ஆனது. நாட்டுக்கோழி வறுவல், தலைக்கறி, கூடவே கொத்துப் பரோட்டா. கடைசி அஸ்திரமாக இருநூறு ரூபாயை எடுத்து நீட்டினார். விட்டதையெல்லாம் இந்த ஒரு வேளையில் பிடித்துவிட வேண்டும். இதை விட்டால் இப்படி ஒரு நாள் இனி வாய்க்கப் போவதில்லை. தட்டு வந்ததும், சாமியைக் கும்பிட்டுக்கொண்டு மூடியைத் தூக்கினார்.

ஓட்ஸ் கஞ்சி. போஸ்டர் ஒட்டும் பசை மாதிரி திரண்டு கிடந்தது. அதன் நடுவில் அவித்த வாழைத்தண்டு நாலு துண்டு மிதந்தது.

"நாயி திங்குமாய்யா இத?" கருத்தக்கண்ணன் தட்டைத் தள்ளிய வேகத்தில் கஞ்சி மேஜையில் வழிந்தது. "அடச்சீ, பாத்தாலே வாந்தி வருது! இதுக்கு எம்பொண்டாட்டி சமையலே தேவாமிர்தம்யா! டிப்ஸு மட்டும் வக்கணையா வாங்கத் தெரியுதுல்ல? கூப்பிடுய்யா உங்க மாஸ்டர! அவன் கைய முறிக்காம விட மாட்டேன்!"

காளை நகரவில்லை. சட்டைப்பையிலிருந்து அவர் கொடுத்த நோட்டுகளை அப்படியே எடுத்து மேஜையில் வைத்தார்.

"நீங்களே வச்சுக்கங்கண்ணே. ரெண்டு பக்கமும் வாங்குறது பாவம்."

"ரெண்டு பக்கமா? என்னய்யா சொல்ற?"

"உள்ளூர் ஆளு தனியா ரூம் போட்டா, குடுத்த நம்பருக்கு ரிசப்ஷன்ல ஒரு போனப் போட்டு விசாரிச்சுருவாகண்ணே. மனசு வெறுத்துப்போயி எதுவும் பண்ணிக்கிட்டா யாரு பதில் சொல்றது?"

கருத்தக்கண்ணன் கட்டிலில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"போன எடுத்தவ... என்னய்யா சொன்னா?"

"நெஞ்சுல ஸ்டென்ட் வச்ச மனுசன், கறி மீனக் கண்ணுலயே காட்டிறாதீகன்னு சொன்னாக. அதுலருந்து உங்களுக்குன்னு எங்க கிச்சன்ல அடுப்பே பத்த வைக்கலண்ணே."

"அப்ப இந்தக் கண்றாவியெல்லாம் எவன்யா சமைச்சான்?"

காளை கதவைத் திறந்து படிக்கட்டுப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

"அக்காதாண்ணே. கேரியரோட கீழதான் நிக்கிறாக, வரச் சொல்லவா?"