கூடிவிட்ட மாத்திரை

ஈரோட்டுப் பூங்கோதையின் கழுத்தில் ஒட்டியிருக்கும் உணரி வில்லை தைராய்டு சுரப்பை அளந்து சொல்லும். அதற்கேற்ப மாத்திரைப் பெட்டி அன்றைய மருந்தளவைத் தரும். மாதக்கணக்காக மாறாத அளவு அன்று காலையில் கூடியிருந்தது. பெட்டியைக் கணவனிடம் காட்டினாள்.

“மாத்திரை போட்டதுமே காப்பியக் குடிச்சிருப்பே, அதான் மருந்து உடம்புல சேரல,” என்றான் இளவரசு.

“அரை மணி நேரம் பொறுத்துத்தானுங்க குடிக்கறேன். அளவு சரியாயிருச்சு, குழந்தைக்குப் பாக்கலாம்னு டாக்டரம்மா சொன்னாங்களே! மறுபடியும் கெட்டுப்போச்சுங்களா?”

காரணம் கேட்டுப் பெட்டியைத் தட்டினாள்.

“மருந்தில் தவறில்லை. உடம்பு திடீரென்று அதிகம் கேட்கிறது. கர்ப்பமா என்று பார்த்துவிடுங்கள்,” என்றது பெட்டி.

பார்த்தாள். இரண்டு கோடுகள்.

“அப்ப இது ரெண்டு பேத்துக்கான அளவா?” என்று இளவரசு போட்ட கூச்சலில் மாடிவீட்டு ஜன்னல்கள் எல்லாம் திறந்தன.